கூண்டு இறக்காத துறைமுகம்: மனச்சோர்வு என்றால் என்ன, யாரிடம் போவது?

"ஒரே டிப்ரெஷனா இருக்கு" என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் அரை மணி நேரம் தாமதமானாலும் டிப்ரெஷன், பிள்ளைக்கு மார்க் குறைந்தாலும் டிப்ரெஷன். ஆனால் மூன்று மாதமாகப் பாயை விட்டு எழாமல் கிடக்கிற ஒருவரைப் பார்த்து மட்டும் அந்தச் சொல் நம் வாயில் வருவதில்லை. "சோம்பேறி", "கோட்டி பிடிச்சிட்டு", "யாரோ செய்வினை வச்சிருக்காங்க" என்கிறோம். வேண்டாத இடத்தில் எல்லாம் சொல்லைச் செலவழித்துவிட்டு, வேண்டிய இடத்தில் அது இல்லாமல் நிற்கிறோம்.

நான் மருத்துவர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர் எனக்கு. ஒக்கி புயலுக்குப் பிறகு என் சித்தப்பாவுக்கு இந்த நோய் வந்தது. சரியான கதவைத் தட்ட எங்கள் குடும்பத்துக்குப் பதினொரு மாதம் ஆனது. அந்தப் பதினொரு மாதத்தில் எங்களுக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூண்டைப் பற்றி

கடலோரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் புயல் உருவாகும்போது துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. கூண்டு ஏறிவிட்டால் வள்ளம் கடலுக்குப் போகாது. ஏலம் கூறும் இடம் வெறிச்சோடிக் கிடக்கும். கையில் காசு இருக்காது, ஆனால் உயிர் இருக்கும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. புயல் கடந்ததும் கூண்டை இறக்குவார்கள், மறுநாள் விடியும் முன்பே வள்ளங்கள் கிளம்பிவிடும்.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். புயல் போய் ஒரு மாதம் ஆகிறது. வானம் தெளிவாக இருக்கிறது, கடலும் அடங்கிவிட்டது. ஆனால் கூண்டு மட்டும் இறங்கவே இல்லை. ஏறின கூண்டைப் பார்த்து ஒருவரும் வள்ளத்தைத் தள்ளவில்லை. நாள் போகப் போக வலையை எலி கடிக்கிறது, எஞ்சின் துருப்பிடிக்கிறது, கடன் ஏறுகிறது. கரையில் நின்று "கடல்தான் நல்லா கிடக்கே, போங்களேன்" என்று கத்துவதால் அங்கே எதுவும் மாறாது.

மனச்சோர்வை இதைவிடப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் உவமை எனக்குக் கிடைக்கவில்லை. இனி உடம்புக்குள் போவோம்.

உடம்புக்குள் இருக்கும் கூண்டு

நம் மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். அது மணியடித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும். அவை சுரப்பதில் ஒன்று கார்டிசால். உடம்பை நெருக்கடி நிலையிலேயே நிறுத்தி வைக்கும் ஹார்மோன் அது. நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிறு செரிக்கும் வேலையைத் தள்ளிப்போடும், தூக்கம் விலகும். நாய் துரத்தும்போது இவையெல்லாம் வேண்டும்தான்.

ஆபத்து நீங்கியதும், ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு ஏறிவிட்டதை மூளையே கண்டுகொண்டு "போதும், நிறுத்து" என்று சொல்லும். கூண்டை இறக்குவது என்பது இதுதான். ஆனால் நெருக்கடி ஓரிரு நாளில் முடியாமல் மாதக்கணக்கில் நீண்டால்? அடைக்க வழியில்லாத கடன், வீட்டுக்குள் அடி உதை, நீண்ட நோய், துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ ஆறு மாதமாக வராத சம்பளம், ஆளும் வராமல் உடலும் கிடைக்காமல் போன ஒரு மரணம். இப்படிப்பட்ட காலங்களில் பலருக்கு அந்த "நிறுத்து" என்ற கட்டளை பலவீனமாகிவிடுகிறது. புயல் ஓய்ந்த பிறகும் உடம்பு புயலில் இருப்பது போலவே நடந்துகொள்கிறது.

எல்லோருக்கும் இது ஒரே வழியில் வருவதில்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும் தன்மை ஒரு பங்கு, சிறு வயதில் பட்ட அடி ஒரு பங்கு. பிரசவத்துக்குப் பிந்தைய உடல் மாற்றம், தைராய்டு குறைவு ஆகியவையும் பங்கு வகிக்கின்றன. சிலருக்கு வெளியே எந்தப் புயலும் இல்லாமலே வரும். "மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துபோச்சு, அவ்வளவுதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது நோயை மிகவும் சுருக்கிச் சொல்வது. ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் கதை அதோடு முடிவதில்லை.

வள்ளம் கரையில் கிடந்தால்

கூண்டு இறங்காதது பாதிக் கதை. மீதிப் பாதி, கரையிலேயே கிடக்கும் வள்ளத்துக்கு என்ன ஆகிறது என்பது.

சித்தப்பா தங்கலுக்குப் போகிறவர், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தொழில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது அவர் கரையில் இருந்தார். இருபது வருடம் அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கூட்டாளி அப்போது வேறொரு படகில் ஆழ்கடலில் இருந்தார். முன்பே போய்விட்டவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தக் கூட்டாளி திரும்பி வரவே இல்லை.

முதல் சில வாரம் சித்தப்பா அழுதார், ஊரே அழுதது. அதில் யாரும் எதையும் தனியாகக் கவனிக்கவில்லை. பிறகு ஊர் மெல்லக் கடலுக்குத் திரும்பியது. இவர் திரும்பவில்லை. "நாளைக்குப் போறேன்" என்றார். தொழிலுக்குப் போகாததால் காலையில் எழ வேண்டியதில்லை. எழாததால் ராத்திரி தூக்கம் இல்லை. தூங்காததால் பகலில் உடம்பு அசதி. கடற்கரைக்குப் போனால் "ஏன் தொழிலுக்குப் போகல?" என்று கேட்பார்கள் என்று அங்கேயும் போவதை நிறுத்தினார். பேச ஆள் இல்லாததால் எண்ணங்கள் உள்ளேயே சுற்றின. "நானும் போயிருக்கணும்" என்ற ஒரே வாக்கியம், நாள் முழுக்க.

இந்தச் சுழல்தான் மனச்சோர்வின் முதுகெலும்பு. நாம் ஒரு வேலையைச் செய்து முடிக்கும்போதும், சிரிக்கும்போதும், பிடித்ததைச் சாப்பிடும்போதும் மூளை நமக்கு ஒரு சிறு கூலி தருகிறது. அந்தக் கூலிதான் மறுநாள் எழுந்திருக்க ஆசை தருவது. ஒதுங்கினால் கூலி நிற்கும். கூலி நின்றால் ஆசை போகும். ஆசை போனால் இன்னும் ஒதுங்குவோம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சோம்பல் போலத் தெரியும். சோம்பேறிக்குப் படுத்துக் கிடப்பதில் ஒரு சுகம் இருக்கும். மனச்சோர்வில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. சித்தப்பாவிடம் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல மக்களே, ஒரு மாதிரி கிடக்கு" என்பார், அவ்வளவுதான்.

நான் நேரில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் என்றால் சித்தப்பாவுக்கு உயிர். கறியில் புளி ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் சித்தியிடம் சண்டைக்கு நிற்பார். ஒரு நாள் அவசரத்தில் சித்தி கறிக்கு உப்பே போடவில்லை. நான் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தேன். அவர் தலையைக் குனிந்தபடி முழுக் கிழங்கையும் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். சித்தி கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் அழுத நாள்களில்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

இதுவரை சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஆபத்து போன பிறகும் உடம்பின் எச்சரிக்கை அடங்காமல் இருப்பது. இரண்டு, அதனால் ஒதுங்குவதும், ஒதுங்குவதால் இன்னும் சோர்வதுமான சுழல். இரண்டும் சேர்ந்துதான் நோய். மனஉறுதி என்ற ஒன்றை வைத்து இரண்டையும் ஓட்டிவிட முடியாது.

துக்கம் வேறு, இது வேறு

துக்கம் அலை போல வரும். அடிக்கும், பின்வாங்கும். இறந்தவரின் பழைய குறும்பு ஒன்றைப் பேசும்போது அழுகைக்கு நடுவே சிரிப்பும் வரும். மனச்சோர்வு அலையில்லாத, கலங்கிய தண்ணீர் போல ஒரே மட்டத்தில் நிற்கும். துக்கத்தில் இருப்பவர் "அவன் போயிட்டானே" என்பார். மனச்சோர்வில் இருப்பவர் அதோடு "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்பார். ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு, சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது.

மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது. பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே தூக்கம் கெடுவது அல்லது மிகையாவது, பசி மாறுவது, அசதி, கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம். இப்படி மொத்தம் ஐந்தாவது, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். உறுதி செய்வது மருத்துவரின் வேலை. பஸ் தாமதமானதற்கு வரும் எரிச்சல் இந்தக் கணக்கில் வராது.

உடம்பின் வாய் வழியே பேசும் நோய்

நம் ஊரில் யாரும் மருத்துவரிடம் போய் "எனக்கு மனசு சோர்வா இருக்கு" என்று சொல்வதில்லை. "நெஞ்சை அடைக்குது", "வாயு கூடிப்போச்சு", "தலை கனம்", "கை கால் கடைச்சல்" என்றுதான் சொல்கிறோம். இது பாசாங்கு இல்லை, வலி நிஜமான வலி. மேலே சொன்ன எச்சரிக்கை உடம்பு முழுக்க ஓடுவதால் வயிறும் தசையும் நெஞ்சும் உண்மையாகவே பாதிக்கப்படுகின்றன.

அதனால்தான் எங்கள் பதினொரு மாதத்தில் ஏழு மாதம் வயிற்று டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் போனது. இசிஜி, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டதும் வீட்டில், "அப்போ நடிப்புதான்" என்று ஒரு பேச்சு வந்தது. என் வாயிலிருந்தும் ஒரு முறை வந்தது. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். இப்போது அதே ரிப்போர்ட்டைப் பார்த்தால், உடம்பு நார்மலாக இருந்தும் ஒருவர் இவ்வளவு வாடுகிறாரே, மனநலப் பக்கம் ஏன் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் கேட்பேன். பரிசோதனைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஆண்களுக்கு இது குடியாகவும் கோபமாகவும் வெளிவருவது உண்டு. தூக்கத்துக்காகக் குடிப்பதாகச் சொல்வார்கள். மது முதலில் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும், மறுநாள் மனத்தை இன்னும் கீழே தள்ளும். பிரசவம் ஆன பெண்களுக்குக் குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் போவதாகவும் வெளிப்படலாம். அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சுக்காரி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவளுக்கும் சிகிச்சை இருக்கிறது.

எந்தக் கதவு யாருடையது

எங்கள் குடும்பம் அதிகம் தடுமாறியது இங்கேதான். மனநலத்துக்கு என்று ஒரே ஒரு ஆள் இருப்பார், அவர் "பைத்தியக்கார டாக்டர்", அவரிடம் போனால் கதை முடிந்தது என்று நினைத்திருந்தோம். உண்மையில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள், மூவருக்கும் வெவ்வேறு வேலை.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர். நோய் என்னவென்று தீர்மானிப்பதும், மருந்து எழுதுவதும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. கூண்டை இறக்கும் வேலையில் அவர் பங்கு பெரிது.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத மாட்டார். பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சுழலை உடைப்பது அவர் வேலை. அதைத்தான் உளவியல் சிகிச்சை என்கிறோம். சும்மா ஆறுதல் சொல்லி அனுப்புவது கிடையாது. "ஆசை வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காதீர்கள், சிறிதாக ஒன்றைச் செய்யுங்கள், ஆசை பின்னால் வரும்" என்பது அதில் ஒரு முறை. சித்தப்பாவுக்கு முதல் வாரம் கொடுத்த வேலை, காலை ஆறு மணிக்கு எழுந்து கடற்கரை வரை நடந்து திரும்புவது. யாரிடமும் பேச வேண்டாம். இரண்டாம் வாரம் கிழிந்த வலையில் ஒரு முழம் மட்டும் பொத்துவது. கடலுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று இவர்களிடம் கேட்கலாம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மூன்றாவது, ஆலோசகர், கவுன்சிலர் என்று சொல்கிறோமே அவர். குடும்பச் சண்டை, படிப்பு பயம், வேலைக் குழப்பம் என்று வாழ்க்கைச் சிக்கல்களுக்கு நல்ல ஆலோசகர் மிகவும் உதவுவார், நோய் முற்றியிருப்பதை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்பவும் செய்வார். முறையாகப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சில நாள் பயிற்சியோடு போர்டு மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் போன ஒருவர், இரண்டு மணி நேரம் சித்தப்பாவுக்கு அறிவுரை சொல்லிவிட்டு, "பாசிட்டிவா நினைங்க, மாத்திரை மட்டும் தொட்டுராதீங்க" என்று அனுப்பினார். படிப்பு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்போது எங்கே தொடங்குவது? தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்திருந்தால் முதலில் மனநல மருத்துவர். அன்றாடம் ஓரளவு ஓடுகிறது, மனம்தான் பாரம் என்றால் உளவியலாளரிடமே தொடங்கலாம். லேசான மனச்சோர்வுக்கு மருந்து இல்லாமல் உளவியல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓபி சீட்டு எடுத்தால் போதும். அரசின் மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கிளையாக 1996 முதல் மாவட்ட அளவில் வந்த ஏற்பாடு அது. உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சித்தப்பாவின் காலத்தில் அது இல்லை.

மாத்திரை பற்றிய பயம்

"அந்த மாத்திரையைத் தொட்டா ஆயுசுக்கும் விட முடியாது." இதை எங்கள் தெருவில் குறைந்தது பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். இங்கே இரண்டு மருந்துகளைப் போட்டுக் குழப்புகிறோம். அல்ப்ரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் உடனே வேலை செய்யும், ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேறு. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற பெயர்களைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். அவை உடனே வேலை செய்யாது, இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இன்னும் வேண்டும் என்ற வெறியையும் அவை உண்டாக்குவதில்லை.

விந்தை என்னவென்றால், எந்த மருந்தைக் கண்டு பயப்பட வேண்டுமோ அதை நாங்கள் டாக்டர் சீட்டே இல்லாமல் ஒரு மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பயப்பட வேண்டாததைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தோம்.

முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது போன்ற தொல்லைகளை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார். நலமானதும் "சரியாயிட்டே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். நோயும் திரும்பலாம். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், கைக்காசை அள்ளி இறைத்துத் திரிந்த காலம் இருந்திருந்தால் அதை மட்டும் கட்டாயம் முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.

இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது, மருந்து கூண்டை இறக்க உதவும், உளவியல் சிகிச்சை வள்ளத்தைத் தண்ணீரில் தள்ள உதவும். கூண்டு இறங்கியும் துருப்பிடித்த எஞ்சினைத் தொடாமல் விட்டால் வள்ளம் நகராது.

கோயிலும் குருசடியும்

மண்டைக்காட்டு அம்மன் சன்னதியிலும், கோட்டார் சவேரியாரிடமும், தக்கலை தர்காவிலும் மனம் இளைப்பாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இளைப்பாறியவள்தான். கூடிப் பாடுவதும், கூட்டத்தோடு நடப்பதும், ஒருவர் நம் தலையில் கைவைத்து ஜெபிப்பதும் மேலே சொன்ன ஒதுங்கலை ஓரளவு உடைக்கவே செய்யும். அதை விட வேண்டியதில்லை. எங்களை ஆசாரிபள்ளத்துக்குப் போகச் சொன்னதே எங்கள் பங்குச் சாமியார்தான். "ஜெபத்தை நான் பார்த்துக்கிடுகேன், நீங்க டாக்டரைப் பாருங்க" என்றார்.

ஆனால் மருத்துவத்துக்குப் பதிலாகக் கட்டிவைப்பதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் நடக்கும் இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. மருத்துவத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. "பொண்ணு பார்க்க வாறவங்களுக்குத் தெரிஞ்சா?" என்று தயங்கும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

"சாகணும்னு தோணுதா?"

இந்தக் கேள்வியை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று எல்லோரும் தயங்குகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம். அப்படி உண்டாகாது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டதும் பாரம் இறங்கியதாகத்தான் பலர் சொல்கிறார்கள். சித்தப்பாவிடம் கேட்டது சித்தி. சமையலறைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டாள். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சில நேரம்" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் அறிவுரை வேண்டாம், "பிள்ளைகளை நினைச்சுப் பாரு" என்ற பேச்சும் வேண்டாம். அந்த மனம் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் மூழ்கியிருக்கிறது. கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவசரம் என்றால் 108. ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 அல்லது 104. முயற்சி செய்து பிழைத்தவர் மீது போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் நாள் போகும்போது

எப்போதிலிருந்து, என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும். இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகள், பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் போகலாம், ஆனால் டாக்டரிடம் கொஞ்ச நேரம் நோய் வந்தவரைத் தனியாகப் பேச விடுங்கள். முதல் டாக்டர் ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறாது. சித்தப்பாவுக்கு முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. முதலில் திரும்பி வந்தது தூக்கம். அப்புறம் நடை. அக்கம்பக்கத்தில் "எழும்பி கடலுக்குப் போனா எல்லாம் செரியாவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு நாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சேர்ந்து வலை பொத்தினார். அது பெரிய உதவியாக இருந்தது என்று சித்தப்பா பின்னால் சொன்னார்.

மூன்றாவது முறை ஆசாரிபள்ளம் போனபோது நானும் கூட இருந்தேன். டாக்டர், "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "நேத்து சாளைக் கறிக்குப் புளி கூடிப்போச்சுன்னு இவகிட்ட சண்டை போட்டேன், டாக்டர்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.